தகுவா பா எங்க இருக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அடுத்த மாசம் குடும்பத்தோட தாய்லாந்துல காவ் லாக் போறோம் சார். பக்கத்துல தகுவா பான்னு ஒரு ஊர்ல தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெஜமா, இல்ல வழக்கமான ஃபார்வர்டா? எங்க போய்ப் பாக்கணும்?

பதில்: நெஜம்தாங்க. ஃபார்வர்டுல வந்தும் உண்மையா இருக்குற அபூர்வ கேஸ் இது. ஆனா தகுவா பாவுக்குப் போனா அதைப் பாக்க முடியாது, அங்கதான் விஷயமே.

கல்லு உடைஞ்சு போனது, சில வரிதான் மிச்சம். அதுல படிக்க முடிஞ்சது, நங்கூருடையான் தொட்ட குளம், பேர் ஸ்ரீ அவனிநாரணம், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம். பழைய தமிழ்ல தொடுறதுன்னா தோண்டுறது. அதாவது கடல் தாண்டிப் போன ஒருத்தர் அங்க குளம் வெட்டி, பேரும் வச்சு, வியாபாரிங்க சங்கத்துக்கிட்டயும் படை ஆளுங்ககிட்டயும் இதைப் பாத்துக்கங்கப்பான்னு ஒப்படைச்சிருக்காரு. அவனிநாரணன்கிறது மூணாம் நந்திவர்ம பல்லவனோட பட்டப்பேரு, அதனால 9ஆம் நூற்றாண்டுன்னு கணக்கு. எனக்கு இதுல பிடிச்சதே போரும் இல்ல ஜெயிச்ச பெருமையும் இல்ல, தண்ணி விஷயம்ங்கிறதுதான்.

கெடச்ச இடம் ஆத்தோரமா உள்ள தள்ளி இருக்குற ப்ரா நாராய் குன்றுப் பக்கம். தாய்க்காரங்க விஷ்ணுவை நாராய்னுதான் சொல்லுவாங்க, நாராயணன்தான். அங்கயே மூணு கல் சிலையும் இருந்துச்சு, ஒரு பெரிய மரம் வளந்து வளந்து சிலைங்களை அப்படியே உடம்போட சேத்து இறுக்கிப் பிடிச்சிருந்த பழைய போட்டோவைப் பாத்தீங்கன்னா கண்ணை எடுக்க மாட்டீங்க, மரத்துக்குள்ளருந்து முகம் மட்டும் எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும். இப்ப சிலைங்க புக்கெட்ல தலாங் தேசிய மியூசியத்துல, கல்வெட்டு நாக்கோன் சி தம்மராட் மியூசியத்துல. காவ் லாக்லருந்து தலாங் ஈஸியா போயிட்டு வந்துடலாம், இன்னொண்ணு மலையைத் தாண்டி அந்தப் பக்கக் கடற்கரை, குழந்தைங்களோட போறீங்கன்னா யோசிச்சுக்கங்க.

கேள்வி: பழைய புத்தகத்துல தகுவா பா மாகாணம்னு இருக்கு, மேப்ல பாத்தா மாவட்டம்னு போட்டிருக்கு. எது சரி?

பதில்: ரெண்டும் சரி. 1932 வரைக்கும் அது தனி மாகாணம், அந்த வருஷம் அதைக் கலைச்சு பாங் நா மாகாணத்தோட சேத்து ஒரு மாவட்டமா எறக்கிட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, எல்லாரும் தகுவா பா கல்வெட்டுன்னு சொல்றோமே, அந்தக் குன்று இன்னைய கணக்குல பக்கத்து கபோங் மாவட்டத்துல இருக்கு. பேரு ஒண்ணுதான், அது போர்த்தியிருக்குற நிலம்தான் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. பழைய புத்தகத்துல இந்தப் பேரைப் பாத்தா எந்தக் காலத்து தகுவா பான்னு முதல்ல கேட்டுக்கங்க, பாதிக் குழப்பம் தீந்துடும்.

ஆட்சி முறை கேட்டீங்கன்னா, மாகாணம் சாங்வாட், மாவட்டம் அம்பெ, அதுக்குக் கீழ தம்போன், கடைசில கிராமம். பாங் நாவுல 8 அம்பெ, தகுவா பா அம்பெக்குள்ள 8 தம்போன். மாவட்டத் தலைவரை நாய் அம்பென்னு கூப்பிடுவாங்க, சிரிக்காதீங்க, அவங்க பாஷைல நாய்னா தலைவர். அவரையும் ஆளுநரையும் பாங்காக்லருந்து உள்துறை அமைச்சகம் போடும், ஓட்டு கிடையாது. கிராமத் தலைவர் ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற ஆளு, தம்போன் தலைவர் கம்னானை அந்தக் கிராமத் தலைவருங்க தங்களுக்குள்ள ஒருத்தரா தேர்ந்தெடுப்பாங்க. டவுனுக்குத் தனியா தேசபான்னு நகராட்சி, அதுக்கு மேயர் எலக்‌ஷன் உண்டு. மேலருந்து வர்ற ஆளும் கீழருந்து வர்ற ஆளும் ஒரே ஊர்ல உக்காந்திருப்பாங்க.

கேள்வி: அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன? சோழர் மெய்க்கீர்த்தில வர்ற தலைத்தக்கோலம் இதுதானா?

பதில்: தாய்ல தகுவான்னா ஈயம், பான்னா காடு. நாமளும் வெள்ளீயம், காரீயம்னு ரெண்டையும் ஈயத்துலயே அடக்குறோம்ல, அங்க மண்ணுக்குள்ள இருந்தது வெள்ளீயம். ஹொக்கியன் சீனர்கள் வந்து குவிஞ்சதே அதுக்காகத்தான், பழைய டவுன் தெருவுல வளைவு வச்ச அந்த வரிசைக் கடைவீடுங்க எல்லாம் அந்தக் காசு. 1985ல உலகச் சந்தைல வெள்ளீய விலை சரிஞ்சுது, சுரங்கமும் ஒண்ணொண்ணா படுத்துடுச்சு.

ராஜேந்திரன் 1025ல கடல் தாண்டிப் படை அனுப்பினப்போ ஜெயிச்ச ஊர் லிஸ்ட்ல தலைத்தக்கோலம் வருது. அது தகுவா பாதான்னு பல பேர் சொல்றாங்க, சில பேர் ஒத்துக்கல. பேர் ஒத்துப்போறதை மட்டும் வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கோ கோ காவ் தீவுல துங் துக்னு ஒரு இடத்துல தோண்டினப்போ சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, பாசிமணின்னு கெடச்சிருக்கு, கல்வெட்டு காலத்தை ஒட்டினதுதான். துறைமுகம் இருந்துச்சு, அதுல சந்தேகமே வேணாம்.

கேள்வி: சுனாமில ரொம்ப அடிபட்ட ஊர் இதானே? அங்க பாக்க ஏதாவது இருக்கா?

பதில்: ஆமாங்க. 2004 டிசம்பர் 26, தாய்லாந்துல செத்தவங்க 5,000க்கு மேல, அதுல பெரும்பங்கு பாங் நா மாகாணத்துலதான். கரை தட்டையா, கடல் ஆழமில்லாம சரிவா இருக்குறதால அலை அங்க ரொம்ப உயரமா எழும்பிடுச்சு. பான் நாம் கெம்னு ஒரு மீனவ ஊர், பேருக்கு அர்த்தமே உப்புத்தண்ணி, அங்க நினைவிடத்துல கான்கிரீட்ல அலை மாதிரி வளைச்சு ஒரு சுவர், எதிர்ல பேருங்க பதிச்ச சுவர், நடுவுல நடந்து போகணும். பாங் நியாங்ல 813ஆம் நம்பர் போலீஸ் படகு, அரச குடும்பத்துப் பாதுகாப்புக்குக் கடல்ல நின்னுக்கிட்டிருந்தது, அலை தூக்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளி வச்சது, இன்னும் அங்கயே நிக்குது. பக்கத்துல நின்னு கடல் பக்கமா திரும்பிப் பாருங்க, தண்ணியே கண்ணுல படாது.