உலகக் கோப்பை கையில், தரவரிசையில் இரண்டாமிடம்: அர்ஜென்டினாவின் புள்ளிகள் எங்கே போயின?

கேள்வி: 2022 உலகக் கோப்பையை வென்றது அர்ஜென்டினா. ஆனால் அந்த டிசம்பரில் வந்த ஃபிஃபா தரவரிசையில், காலிறுதியோடு வெளியேறிய பிரேசில்தான் முதலிடம். கணக்குப் போட்டு கால்பந்து அணிகளை வரிசைப்படுத்துவதை நம்பலாமா?

பதில்:

நம்பலாம். ஆனால் அந்த எண் எதைச் சொல்ல வந்தது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து 2023 ஜனவரியில் பள்ளி திறந்த அன்று இதே கேள்வியோடு பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் வந்தான். மெஸ்ஸி என்றால் அவனுக்கு உயிர். "சார், கப்பு ஜெயிச்சவங்க ரெண்டாவது இடமா? இது என்ன சார் நியாயம்?" என்றான். முகம் வாடிப்போயிருந்தது. "நியாயமா இல்லையான்னு அப்புறம் பேசுவோம். முதல்ல கணக்கைப் போட்டுப் பாத்துடலாம் வா" என்று கரும்பலகைப் பக்கம் அழைத்துப் போனேன்.

முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் பிரேசில் 1840.77, அர்ஜென்டினா 1838.38. இடைவெளி வெறும் 2.39 புள்ளி. போட்டி தொடங்கும் முன் இது 67 புள்ளிக்கு மேல் இருந்தது. கத்தாரில் ஆடிய ஏழு ஆட்டங்களில் அர்ஜென்டினா கிட்டத்தட்ட முழுவதையும் துரத்திப் பிடித்துவிட்டது. அந்த இரண்டே சொச்சம் புள்ளி எங்கே நழுவியது என்பதுதான் கதை.

இந்தக் கணக்கு முறை நமக்குப் புதிதில்லை. 2023 செப்டம்பரில் சதுரங்கத்தில் குகேஷ், விஸ்வநாதன் ஆனந்தை முந்தி இந்தியாவின் முதல் இடத்துக்கு வந்தார் என்று செய்தி வந்ததே, அதில் சொன்ன எலோ புள்ளியேதான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை. 1970இல் உலகச் சதுரங்க அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. ஆண்கள் கால்பந்துத் தரவரிசைக்கு ஃபிஃபா அதைக் கொண்டுவந்தது 2018 ஆகஸ்டில்தான்.

சூத்திரம் ஒரே வரி. பழைய புள்ளியோடு, ஆட்டத்தின் முக்கியத்துவ எண் × (கிடைத்த முடிவு − எதிர்பார்த்த முடிவு) என்பதைக் கூட்ட வேண்டும். வென்றால் 1, டிரா 0.5, தோற்றால் 0. நட்பு ஆட்டத்துக்கு முக்கியத்துவ எண் 10 (சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே ஆடினால் 5), தகுதிச் சுற்றுக்கு 25, உலகக் கோப்பைக்கு 50, அதுவே காலிறுதியிலிருந்து 60.

எதிர்பார்த்த முடிவு என்பதில்தான் உயிர் இருக்கிறது. இரண்டு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை 600ஆல் வகுக்க வேண்டும். அர்ஜென்டினா, சவூதி அரேபியா ஆட்டத்தையே அன்று பலகையில் போட்டோம். அர்ஜென்டினா 1773.88, சவூதி 1437.78. வித்தியாசம் 336.1. 600ஆல் வகுத்தால் 0.56. 10இன் அடுக்கு மைனஸ் 0.56 எவ்வளவு என்று கேட்டேன். அவன் கால்குலேட்டரைத் தட்டி 0.275 என்றான். அதோடு ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் ஒன்றை வகுத்தால் 0.784. அதாவது இந்த இரண்டு அணிகளும் 100 தடவை மோதினால் அர்ஜென்டினா 78 ஆட்டத்துக்குச் சமமான வெற்றி எடுக்க வேண்டும் என்று எண்கள் சொல்கின்றன.

அன்று அது வென்றிருந்தால் 50 × 0.216, அதாவது 10.8 புள்ளிதான் கிடைத்திருக்கும். தோற்றது 2-1. அதனால் போனது 39.2. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு மேட்சுல இவ்வளவா சார்?" ஆமாம். 36 ஆட்டம் தோற்காமல் வந்த அணி 51ஆம் இடத்து அணியிடம் தோற்றால், அதன் பலத்தைப் பற்றி நாம் வைத்திருந்த மதிப்பீட்டில் எதையோ திருத்த வேண்டியிருக்கிறது என்று பொருள். எலோ செய்வது அந்தத் திருத்தத்தைத்தான். கோப்பை என்பது ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்பதற்கான பரிசு. தரவரிசை, அடுத்த ஆட்டத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்ற மதிப்பீடு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

ஆனால் சவூதி ஆட்டத்தோடு கணக்கு முடியவில்லை. இதே போட்டியில் பிரேசிலும் கேமரூனிடம் 1-0 என்று தோற்று ஏறக்குறைய அதே அளவு இழந்தது. தீர்மானித்தது வேறு இடம்.

ஃபிஃபா விதிப்படி பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றால் 1 கிடையாது, 0.75தான். தோற்ற அணிக்கு 0.5, டிரா போல. பிரான்ஸோடு ஆடிய இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 108ஆவது நிமிடம் மெஸ்ஸி அடித்து 3-2. சில நிமிடம் கழித்து பிரான்ஸின் எம்பாப்பே அடித்த பந்து, தடுக்கப் பாய்ந்த அர்ஜென்டினா வீரர் மொன்டியலின் கையில் பட்டது. பெனால்டி. 118ஆவது நிமிடம் 3-3. பிறகு ஷூட்அவுட்டில் கடைசி உதையை உள்ளே தள்ளிக் கோப்பையை வாங்கித் தந்ததும் அதே மொன்டியல்தான். கோப்பைக்கு அது சரியாகிவிட்டது. தரவரிசைக்குச் சரியாகவில்லை. 1க்கும் 0.75க்கும் உள்ள வித்தியாசம் 0.25, அதை 60ஆல் பெருக்கினால் 15. அந்தக் கை இல்லாமல் 3-2 என்றே முடிந்திருந்தால் அர்ஜென்டினாவுக்கு இன்னும் 15 புள்ளி. 1853ஐத் தாண்டியிருக்கும், பிரேசிலுக்கு எட்டாத உயரம். காலிறுதியில் நெதர்லாந்தோடும் இப்படித்தான் 2-2 ஆகி ஷூட்அவுட் போனது. அங்கேயும் ஒரு 15.

இந்த 0.75 விதி எனக்குச் சரி என்றே படுகிறது. 120 நிமிடம் ஆடியும் பிரிக்க முடியாத இரண்டு அணிகளை ஐந்தைந்து உதைகளில் பிரிக்கிறோம். அதற்கு முழு வெற்றியின் எடையைக் கொடுத்தால் மதிப்பீடு பிசகும்.

எனக்கு ஒப்பாத விதி இன்னொன்று. உலகக் கோப்பை போன்ற பெரிய போட்டிகளின் நாக்அவுட் சுற்றில் எந்த அணிக்கும் புள்ளி குறையாது. குரோஷியாவிடம் பிரேசில் வெளியேறியதை எடுத்துக்கொள்ளுங்கள். 1-1, பிறகு ஷூட்அவுட்டில் தோல்வி. பிரேசிலிடம் எதிர்பார்த்தது சுமார் 0.67. கிடைத்தது 0.5. சூத்திரத்தை அப்படியே விட்டிருந்தால் ஏறக்குறைய 10 புள்ளி போயிருக்க வேண்டும். விதி தடுத்தது, ஒரு புள்ளிகூடப் போகவில்லை. 2.39 புள்ளி இடைவெளியில் இந்தப் பத்து என்ன செய்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய போட்டிக்குத் தகுதி பெற்று முன்னேறிய அணி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் அணியைவிட நஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணம் அந்த விதியில் இருக்கிறது. புரிகிறது. ஆனாலும் கணக்கு வாத்தியாராக எனக்கு மனம் கேட்கவில்லை. எலோ முறையின் அழகே ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்பதில் இருக்கிறது. சவூதிக்குக் கிடைத்த 39.2, அர்ஜென்டினாவின் பையிலிருந்து போனது. குரோஷியாவுக்கு அந்தக் காலிறுதியில் கிடைத்த சுமார் 25 புள்ளி யார் பையிலிருந்தும் வரவில்லை. அச்சடித்த புள்ளி. ஒவ்வொரு பெரிய போட்டியிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் சேரும். பத்தாண்டு கழித்து 1850 என்ற எண்ணை இன்றைய 1850ஓடு ஒப்பிட முடியாமல் போகும்.

இத்தனை குறை சொன்னாலும், 2018க்கு முன்பு இருந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 2006 முதல் இருந்த முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி கணக்கிட்டு, ஆண்டுவாரியாகச் சராசரி எடுத்தார்கள். சராசரி என்ற ஒரு சொல்லில்தான் வில்லங்கம். 50ஆம் இடத்து அணியை நட்பு ஆட்டத்தில் வென்றால், கண்டத்துக்கான எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 3 (வெற்றிக்கு) × 1 (நட்பு ஆட்டத்துக்கு) × 150 (200இலிருந்து எதிரணியின் இடமான 50ஐக் கழித்தது), அதாவது 450. அதே அணியைத் தகுதிச் சுற்றில் வென்றால் நட்பு ஆட்டத்துக்குரிய 1க்குப் பதில் 2.5, ஆக 1125. உங்கள் சராசரி 1000 என்றால், நட்பு ஆட்டத்தில் வென்றாலும் சராசரி இறங்கும். ஜெயித்தால் தண்டனை!

இதைப் போலந்து நன்றாகப் படித்திருந்தது. 2018 உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு 2017 அக்டோபர் தரவரிசையை எடுத்தார்கள். அந்த ஆண்டு அதுவரை போலந்து ஆடியவை எல்லாமே தகுதிச் சுற்று ஆட்டங்கள். நட்பு ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஆறாம் இடத்தில் நின்று முதல் கூடையில், அதாவது குலுக்கலில் பலமான அணிகளைத் தனியாகப் பிரித்து வைக்கும் பட்டியலில், இடம்பிடித்தது. ஸ்பெயின் இரண்டாம் கூடைக்குப் போனது. ரஷ்யாவில் நடந்தது என்ன? செனகலிடம் தோல்வி, கொலம்பியாவிடம் 3-0 தோல்வி, ஜப்பானை மட்டும் வென்று குரூப்பில் கடைசி. விதியை மீறி அவர்கள் எதுவும் செய்யவில்லை. ஓட்டை விதியில் இருந்தது.

அதே முறையில் 2014 போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்றே ஆடாத பிரேசில், நட்பு ஆட்டங்களின் குறைந்த புள்ளியாலேயே 2013 ஜூனில் 22ஆம் இடத்துக்குச் சரிந்தது. அந்த மாதக் கடைசியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் உலகச் சாம்பியன் ஸ்பெயினை 3-0 என்று அடித்தது. ஒரு மதிப்பீட்டு முறை தோற்றுப்போனதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்றைய முறையில் நட்பு ஆட்டம் வென்றால் கொஞ்சமாவது ஏறும். ஒரு நாளும் இறங்காது.

இன்னும் இரண்டு விஷயம் இந்தச் சூத்திரத்தில் இல்லை. சொந்த மைதானம், கோல் வித்தியாசம். கடல் மட்டத்திலிருந்து 3600 மீட்டர் உயரத்தில் இருக்கும் லா பாஸில் மூச்சு வாங்க ஆடி பொலிவியாவை வெல்வதும், சொந்த ஊரில் வெல்வதும் ஃபிஃபாவுக்கு ஒன்றுதான். 2014 அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கியதும், வெறும் 1-0 என்று வெல்வதும் ஒன்றுதான். உலகக் கால்பந்து எலோ என்று தனியாக ஒரு பட்டியல் 1997 முதல் இருக்கிறது. அதில் சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு 100 புள்ளி கூடுதல் பலம் வைத்து எதிர்பார்ப்பைக் கணக்கிடுகிறார்கள். கோல் வித்தியாசம் இரண்டு என்றால் மாற்றத்தை ஒன்றரை மடங்காக்குகிறார்கள். ஆறு என்றால் இரண்டு மடங்குக்கு மேல். ஃபிஃபாவே பெண்கள் தரவரிசையில் 2003 முதல் எலோ வகைக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. அதில் கோல் வித்தியாசத்துக்கும் சொந்த மண்ணுக்கும் இடம் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் செல்லும் கணக்கு ஆண்கள் ஆட்டத்தில் மட்டும் ஏன் செல்லாது? ஆண்கள் சூத்திரத்திலும் இவை வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

தீவுப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்க அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள் ஆடுகின்றன, ஐரோப்பியர்கள் தங்களுக்குள். புள்ளி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் பாய உலகக் கோப்பை போன்ற வாய்க்கால் வேண்டும். 22ஆம் இடத்தில் கத்தாருக்கு வந்த மொரோக்கோ அரையிறுதி வரை போய் 11ஆம் இடத்தில் திரும்பியது. ஒரே மாதத்தில் அவ்வளவு பலம் கூடிவிடவில்லை. இருந்த பலத்தை அளக்க அதுவரை வழியில்லை. அதனால் ஒரே கண்டத்து அணிகளை ஒப்பிடும்போது இந்த எண்களை நான் அதிகம் நம்புவேன். கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிட்டால் முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2.39 புள்ளி எந்தக் கணக்கிலும் சமம்தான்.

அந்தப் பையன் கதையையும் சொல்லி விடுகிறேன். அன்றிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினான். மார்ச் மாதம் அர்ஜென்டினா பனாமாவையும் (2-0) குராசாவோவையும் (7-0) நட்பு ஆட்டங்களில் வென்றது. பிரேசில் மொரோக்கோவிடம் 2-1 என்று தோற்றது. தரவரிசை ஏப்ரல் 6 அன்றுதான் வந்தது. அவன் அதற்கு முன்பே நோட்டோடு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டான். அர்ஜென்டினாவுக்கு இரண்டு ஆட்டமும் சேர்ந்து இரண்டரைப் புள்ளி ஏற்றம், பிரேசிலுக்கு ஆறரைப் புள்ளி இறக்கம் என்று எழுதி, இரண்டுக்கும் கீழே கோடு போட்டிருந்தான். "சார், பிரேசில் தோக்காம அந்த மேட்ச் ஆடாமலே இருந்திருந்தாக்கூட நாமதான் சார் ஃபர்ஸ்ட். பாயிண்ட் ஒன் சிக்ஸ்ல" என்றான். கால்குலேட்டரை வாங்கி நானும் போட்டுப் பார்த்தேன். 1840.93. பிரேசிலின் பழைய எண் 1840.77. அவன் சொன்னது சரி.