எதிலிருந்து எதற்கு? காம்ப்ளெக்ஸிட்டி தியரி பாடம்: கேள்வி பதில்

உயர்நிலை காம்ப்ளெக்ஸிட்டி தியரி (ஒரு கணக்கைத் தீர்க்க எவ்வளவு நேரமும் நினைவிடமும் வேண்டும் என்று ஆராயும் துறை) பாடத்துக்குப் பல வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், பாடமும் எடுத்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: சேர்வதற்கு முன் எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?

டியூரிங் எந்திரமும் (கணினியின் எளிய கணித மாதிரி) நிகழ்தகவும். நிகழ்தகவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடத்தின் பின்பாதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: ஒரு புதிய கணக்கு என்பி-கடினம் என்று நிறுவச் சொன்னார்கள். அதை 3-சாட்டுக்கு ரிடக்‌ஷன் செய்து மூன்று பக்கம் எழுதினேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். நியாயமா சார்?

நியாயம்தான். முதலில் சொற்கள்: ‘ஆம்’ என்ற விடைக்கு ஒரு சான்று தந்தால் அதை வேகமாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகள் என்பி. அவை எல்லாவற்றுக்கும் குறையாத கடினம் உள்ளது என்பி-கடினம். ஒரு கணக்கை, விடை மாறாமல், வேகமாக இன்னொன்றாக மாற்றுவது ரிடக்‌ஷன். ‘அ அல்லது ஆ அல்லது இ’ போல மூன்று உறுப்புள்ள அடைப்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மெய்யாக்க மாறிகளுக்கு மதிப்புத் தர முடியுமா என்பது 3-சாட்; அடைப்புக்கு இரண்டு உறுப்பு என்றால் 2-சாட். என்பி வகுப்பில் உள்ள எந்தக் கணக்கையும் 3-சாட்டுக்குக் கொண்டுபோகலாம். குக் 1971இல் காட்டியதன் சாரமே அதுதான். ஆகவே உங்கள் மூன்று பக்கம், புதிய கணக்கு 3-சாட்டைவிடக் கடினமில்லை என்று மட்டும் சொல்கிறது. 2-சாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ அல்லது ஆ’ என்ற அடைப்பை ‘அ அல்லது ஆ அல்லது ஆ’ என்று எழுதினால் 3-சாட் ஆகிவிட்டது. உங்கள் வழி சரியென்றால் 2-சாட்டும் கடினம் என்றாகும். அதையோ நேரியல் நேரத்திலேயே தீர்த்துவிடலாம்.

கடினம் என்று தெரிந்ததிலிருந்து புதியதற்குப் போக வேண்டும். ‘இலிருந்து’வும் ‘க்கு’வும் இடம் மாறினால் நிறுவலே போச்சு. விடையின் முதல் வரியில் எதிலிருந்து எதற்கு என்று எழுதிவிட்டு, அப்புறம் மற்றதைத் தொடங்குங்கள்.

கேள்வி: என்எல் வகுப்பைச் சான்று வைத்து வரையறுக்கும்போது, சான்றை ஒரே ஒருமுறை இடமிருந்து வலமாகத்தான் படிக்கலாம் என்கிறார்கள். ஏன் இந்தக் கெடுபிடி?

அருமையான கேள்வி. ஊகித்துக்கொண்டே போகும் எந்திரம் லாகரிதம் அளவு நினைவிடத்திலேயே தீர்க்கும் கணக்குகள்தான் என்எல். நிபந்தனையை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு 3-சாட் சூத்திரம். எந்த மாறி மெய், எது பொய் என்ற பட்டியல்தான் சான்று. சரிபார்க்கும் எந்திரம் முதல் அடைப்பில் இருக்கும் மூன்று மாறிகளையும் சான்றில் போய்ப் பார்க்கிறது, திரும்பி வருகிறது, அடுத்த அடைப்புக்குப் போகிறது. அதன் நினைவில் இருக்க வேண்டியது எத்தனையாவது அடைப்பு, எந்த மாறி என்ற எண்கள் மட்டுமே. அதற்கு லாகரிதம் அளவு இடம் போதும். அதாவது, திரும்பிப் படிக்க விட்டால் அந்த வரையறை என்எல்லைத் தராது, என்பி முழுவதையும் தந்துவிடும். ஒருமுறைதான் என்றால், பார்த்ததை எந்திரம் தன் சிறிய நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஊகித்துக்கொண்டே போகும் எந்திரத்தின் நிலைமையும் அதேதான்.

இந்த நிபந்தனை பிடிபட்டால்தான் 1987இல் இம்மர்மனும் செலெப்செனியும் தனித்தனியே நிறுவியதன் அழகு தெரியும். ஒரு கோட்டுருவத்தில் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) தொடக்க முனையிலிருந்து ஒரு முனையை அடையவே முடியாது என்பதற்குக்கூட இப்படி ஒருமுறை படிக்கும் சான்று தரலாம். அடையக்கூடிய முனைகள் மொத்தம் எத்தனை என்பதைப் படிப்படியாக எண்ணி உறுதிசெய்துவிட்டு, அவற்றை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் வழியோடு, காட்டுகிறோம். எண்ணிக்கை சரியாக வந்து, கேட்ட முனை அதில் வரவில்லை என்றால் முடிந்தது. எண்ணுவதை வைத்தே ‘இல்லை’ என்பதை நிறுவிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை பலகையில் எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: நாப்சாக் கணக்கை அட்டவணை போட்டு முடித்துவிடலாமே, அப்புறம் எப்படிக் கடினம்?

பையின் கொள்ளளவைத் தாண்டாமல், அதிக மதிப்பு வரும்படி பொருள்களைத் தேர்வதுதான் நாப்சாக். அட்டவணையின் அகலம் பையின் கொள்ளளவு. அந்த எண்ணை எழுத 50 பிட் போதும் என்று வையுங்கள். நேரத்தை அளப்பது இந்த நீளத்தை வைத்துத்தான். அட்டவணைக்கோ சுமார் 2இன் 50ஆம் அடுக்கு நிரல்கள் வேண்டும்.

பூஜ்யம் வாங்கியவர் மீண்டும்: என் மாற்றத்தில் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. இருபக்கமும் பொருந்துகிறதே! அப்படியே திருப்பிப் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. உங்கள் மாற்றம் எல்லா 3-சாட் சூத்திரங்களையும் தொடுவதில்லை. உங்கள் கணக்கிலிருந்து பிறக்கும் ஒரு தனி வகையில் மட்டும்தான் போய் விழுகிறது. மேலே 2-சாட்டில் பாருங்கள்: ஒரு மாறி இரண்டு தடவை வரும் அடைப்புகள் மட்டுமே கிடைத்தன. மூன்று வெவ்வேறு மாறிகள் உள்ள சூத்திரத்தை எங்கே திருப்பி அனுப்புவீர்கள்?

இன்னொருவர்: தப்பான வழியிலும் உழைப்பு இருக்கிறது. பாதியாவது தரலாமே?

திசை சரியாக இருந்து, ‘ஆம் என்றால் ஆம்’ மட்டும் நிறுவி மறுபாதி விட்டுப்போயிருந்தால் நானும் பாதி தருவேன். ‘இந்த இடம் எனக்கு நிறுவத் தெரியவில்லை’ என்று எழுதியவருக்கும் கொஞ்சம் தருவேன். எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதை விட்டு வேறொன்றை நிறுவிய தாளுக்குத் தர முடியாது.

அவரே: அப்படியென்றால் மூன்று பக்கம் எழுதியவரைவிடத் தெரியாது என்றவருக்கு அதிகமா?

ஆமாம். இதில் நான் மாறப்போவதில்லை.

கேள்வி: புராஜெக்டுக்கு, டயகனலைசேஷன் வைத்து பி-யும் என்பி-யும் வேறு என்று நிறுவியிருக்கிறேன். பார்ப்பீர்களா?

பி என்பது வேகமாகத் தீர்க்க முடிகிற கணக்குகள்; டயகனலைசேஷன் என்பது பட்டியலில் உள்ள ஒவ்வொரு எந்திரத்தோடும் ஓரிடத்திலாவது முரண்படும் கணக்கைக் கட்டும் உத்தி. முதலில் நீங்களே ஒன்று பாருங்கள். எல்லா எந்திரங்களுக்கும் ஒரே ஆரக்கிளை (ஒரு குறிப்பிட்ட வகைக் கேள்விக்கு ஒரே படியில் விடை சொல்லும் கற்பனைக் கருவி) கொடுத்தாலும் உங்கள் வரிகள் அப்படியே நிற்கின்றனவா? நின்றால் எங்கோ பிழை இருக்கிறது. பி-யும் என்பி-யும் ஒன்றாகிவிடும் ஆரக்கிளும் உண்டு, வேறாகிவிடும் ஆரக்கிளும் உண்டு. பேக்கர், கில், சாலவே 1975இல் காட்டிவிட்டார்கள். அதையே புராஜெக்டாக எழுதுங்கள். கூடவே ஷமீரின் ஐபி = பிஸ்பேஸ் நிறுவலை (கேள்வி-பதில் உரையாடலால் சரிபார்க்க முடிகிறவையும், பல்லுறுப்பு அளவு நினைவிடத்தில் தீர்பவையும் ஒன்றே என்பது) சேருங்கள். அது ஆரக்கிளுக்குக் கட்டுப்படாத நிறுவல். எந்த வரியில் விலகுகிறது என்று கண்டுபிடித்தாலே நல்ல புராஜெக்ட்.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து அசைன்மென்ட் செய்யலாமா?

உங்கள் ஆசிரியரின் விதியைப் பாருங்கள். என் வகுப்பில் சேர்ந்து பேசலாம், தனியாக எழுத வேண்டும், யாரோடு பேசினீர்கள் என்று குறிப்பிட வேண்டும்.

கேள்வி: வெர்டெக்ஸ் கவர் கடினம் என்று காட்ட அதை 3-சாட்டுக்கு மாற்றினால் போதும்தானே?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: இண்டிபெண்டன்ட் செட் கடினம் என்று காட்ட, அதைக் கிளிக்குக்கு மாற்றுவதா, கிளிக்கை இதற்கு மாற்றுவதா?

எல்லா முனைகளும் ஒன்றோடொன்று கோட்டால் இணைந்த கூட்டம் இருக்கிறதா என்பது கிளிக்; எந்த இரண்டும் இணையாத கூட்டம் இருக்கிறதா என்பது இண்டிபெண்டன்ட் செட். 1972இல் கார்ப் கடினம் என்று காட்டிய 21 கணக்குகளில் கிளிக் இருக்கிறது. எனவே கிளிக்கிலிருந்து இண்டிபெண்டன்ட் செட்டுக்கு. கோடு இருக்கும் இடத்தில் அழித்து, இல்லாத இடத்தில் போடுங்கள். தேடும் கூட்டத்தின் முனை எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு மாற்றம் மட்டும் எல்லாக் கோட்டுருவங்களையும் தொடும், அதனால் திருப்பிப் போட்டாலும் நிற்கும். ஆனாலும் முதல் வரியில் ‘கிளிக்கிலிருந்து’ என்று எழுதிவிடுங்கள்.