அப்பாவின் இருமலும் ஆலிஸ் ஹாமில்டனும்

அன்புள்ள ஐயா,

கோவையில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். போன மாதக் கட்டுரையில் அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டனைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். தேடினால் எங்கும் ‘ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியர்’ என்றே வருகிறது. அவ்வளவுதானுங்களா? எங்க அப்பாவுக்கு இங்கே கணபதி பகுதியில் பவுண்டரி (உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறை) வேலை. ராத்திரியெல்லாம் இருமல். கம்பெனிக்கு வரும் டாக்டர் தூசி அலர்ஜி என்று மாத்திரை தருகிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

அவர் வாழ்க்கையில் சுவாரசியம் குறைந்த பகுதி அந்த ‘முதல் பெண்’ பட்டம்தான். 1919இல் ஹார்வர்டு அவரைச் சேர்த்தது. ஆனால் ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து டிக்கெட்டும் கிடையாது. (டிக்கெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள்.) 1935இல் ஓய்வுபெறும்போதும் உதவிப் பேராசிரியர்தான்.

அசல் கதை 1910இல் சிகாகோ பக்கம் நடந்தது. தொழில்நோய்களை ஆராய இல்லினாய் மாநிலம் அமைத்த குழுவில் ஈயம் அவர் பொறுப்பு. போலந்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவருக்கு ஈய நஞ்சு ஏறி வயிற்றுவலி, கை செயலிழப்பு. குளியல்தொட்டிக்கு எனாமல் பூசுகிறவர். ஆலைக்குப் போனால், ஈயமே இல்லை என்று நிர்வாகம் சாதித்தது, பட்டறையையும் திறந்து காட்டியது. ஹாமில்டன் குழம்பிப்போய், அந்தத் தொழிலாளியையே தேடிப் பிடித்துக் கேட்டார். ‘நீங்க பார்த்தது கடைசியில் மெருகேற்றும் இடம். எனாமல் பூசுறது ஊரின் வேறு மூலையில்’ என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அங்கே செக்கச்செவேலென்று உலையிலிருந்து வரும் தொட்டிமேல் எனாமல் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்கள். பறக்கிற பொடி தூவுகிறவர் மூச்சில் போனது. அந்தப் பொடியைச் சோதித்தால் ஈயம் 20 சதவீதம்வரை!

அவருடைய வைத்தியமுறையே இதுதான். முதலாளி காட்டும் அறையோடு நிற்காமல் மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவார், தொழிலாளி வீட்டுக்குப் போவார். 1925இல் பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்தும் பேசினார். கேட்பாரில்லை. நம் நாட்டு பெட்ரோல் பங்க்குகளில் அது ஒழிய 2000ஆம் ஆண்டு ஆனது.

இனி அப்பா விஷயம். மணல் அச்சு செய்யும் மோல்டிங்கா, அச்சை உடைத்து மணல் உதிர்ப்பதா, கிரைண்டிங்கா, எத்தனை வருடமாக என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மார்பு எக்ஸ்ரேயோடு சளிப் பரிசோதனையும் வேண்டும். மணலிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாக ஏறும். சீட்டில் ‘இருமல்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள், ‘பவுண்டரி மணல்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். சிலிகோசிஸ் (அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று தெரிந்தால், அரசின் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. ஈ.எஸ்.ஐ. இருந்தால் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு.

அப்பாவோடு ஒரே ஷிப்டில் இன்னும் யார் யார் இருமுகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.