எண்ண வேண்டியது பிக்சல்களை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் ஒன்றை அச்சிடக் கொடுத்தேன். கோப்பில் 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளிகள்) என்று இருப்பதாகவும், 300 டிபிஐ இருந்தால்தான் அச்சிட முடியும் என்றும் கூறித் திருப்பிவிட்டார்கள். இதை எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் படம் இப்போதே அச்சுக்குத் தகுதியானதுதான். 12 மெகாபிக்சல் படம் என்றால் பொதுவாக அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்ற கணக்கில் ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல்கள் இருக்கும். டிஜிட்டல் படம் என்பது பிக்சல்கள் எனப்படும் இந்த நுண்ணிய நிறப்புள்ளிகள்தாம். அதற்கென்று அங்குலமோ சென்டிமீட்டரோ கிடையாது. தாளில் பதியும்போதுதான் அதற்கு நீள அகலம் வருகிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்களை அடுக்கலாம் என்று கோப்பின் தொடக்கத்தில் எழுதிவைக்கப்பட்ட குறிப்பே அந்த 72. பல கேமராக்கள் இந்த எண்ணை வழக்கமாகவே எழுதிவிடுகின்றன. அந்தக் குறிப்பின்படி அச்சிட்டால் படம் 55 அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலத்தில் வரும். 300 என்று திருத்தினால் அதே 4000 பிக்சல்கள் ஏறத்தாழ 13 அங்குலத்துக்குள் நெருக்கமாக அமையும். இரண்டு நிலையிலும் பிக்சல்களில் ஒன்றுகூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

திருத்தும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். படத்தொகுப்பு மென்பொருளில் அளவு மாற்றும் பெட்டியில் உள்ள ‘ரீசாம்பிள்’ என்ற தேர்வை நீக்கிவிட்டுத்தான் 300 என்று இட வேண்டும். அது நீக்கப்படாமல் இருந்தால், அங்குல அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்பும். கோப்பு பதினேழு மடங்கு பிக்சல்களோடு பெருத்துவிடும். படத்தில் புதிய நுணுக்கம் எதுவும் சேராது.

கேள்வி: 300 என்ற அளவு எதன் அடிப்படையில் வந்தது? சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கும் அது வேண்டுமா?

பதில்: அதன் அடிப்படை நம் கண்தான். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தொலைவில் இது 0.09 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியாகும். ஓர் அங்குலத்தில் இத்தகைய இடைவெளிகள் சுமார் 290 அடங்கும். அதற்கு மேல் பிக்சல்களை நெருக்கினாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதால்தான் 300 என்ற முழு எண் வழக்கில் நிலைத்தது.

இதே கணக்கைத் தொலைவோடு பொருத்திப் பாருங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 90 பிக்சல்கள் போதும். மூன்று மீட்டர் என்றால் 30 போதும். உயரத்தில் கட்டப்படும் பதாகைகள் மிகக் குறைந்த பிக்சல்களோடு அச்சிடப்பட்டும் தெளிவாகத் தோன்றுவது இதனால்தான். ஆயினும் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு 150க்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் கருத்து. குறிப்பாகக் குழுப்படங்களில் ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தேடி அருகில் வந்து பார்ப்பார்கள். அங்கே ஒரு மீட்டர் கணக்கு பொருந்தாது. 150 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 4000 × 3000 படத்தை 26 அங்குல அகலத்துக்கும் 20 அங்குல உயரத்துக்கும் தயக்கமின்றிப் பெரிதாக்கலாம். அச்சின் நீள அகலங்களை இரு மடங்காக்கினால் அதே நெருக்கத்துக்குப் பிக்சல்கள் நான்கு மடங்கு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பரப்பு பெருகும் வேகத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: ஒரே கேமராவில், ஒரே அமைப்பில் எடுத்த இரு படங்களில் ஒன்று 3 மெகாபைட், மற்றொன்று 7 மெகாபைட். சிறிய கோப்பின் தரம் குறைவா?

பதில்: இல்லை. 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் சேமித்தால், ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 36 மெகாபைட் ஆகும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் (JPEG) என்ற சுருக்க முறை, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்மாற்றங்களைக் கைவிட்டு அதைச் சுருக்குகிறது. மேகமற்ற வானத்தில் அடுத்தடுத்த பிக்சல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் அது மிகச் சிறியதாகச் சுருங்கும். இலைகள் அடர்ந்த மரமோ மணற்பரப்போ அப்படிச் சுருங்காது. எனவே மெகாபைட் அளவை மட்டும் பார்த்து அச்சுக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஜேபெக் கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ நகலெடுப்பதாலோ தரம் குறையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும்போது சுருக்கமும் மறுபடி நிகழ்ந்து சிறிது இழப்பு சேரும். அசல் கோப்பைத் தொடாமல் தனியே வைத்திருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: இணையவழி விண்ணப்பத்தில் படம் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். தரத்தைக் குறைத்தால் முகமே சிதைகிறது.

பதில்: முதலில் பிக்சல்களைக் குறையுங்கள், சுருக்கத்தை அதன் பிறகு கூட்டுங்கள். 35 × 45 மில்லிமீட்டர் படத்துக்கு, 300 கணக்கிலும், 413 × 531 பிக்சல்கள் போதும். அந்த அளவுக்குக் கொண்டுவந்தபின் 50 கிலோபைட் என்பது தாராளமான இடம்.

கேள்வி: செல்பேசியில் எடுத்த படங்களை 6 × 4 அங்குலத்தில் அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படுகிறது. பிக்சல் போதாமையா?

பதில்: அந்த அளவுக்கு 1800 × 1200 பிக்சல்களே போதும், சிக்கல் வடிவ விகிதத்தில் இருக்கிறது. செல்பேசிப் படம் பெரும்பாலும் 4:3, அச்சுத்தாள் 3:2. தாளை முழுதும் நிரப்ப, உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டப்படும். எந்தப் பகுதியை விடுவது என்பதை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மறைந்த என் தாயாரின் படம் ஒன்று வாட்ஸ்அப் வழியாக வந்தது, 1600 × 1200 பிக்சல்தான் இருக்கிறது. ஏ4 அளவில் அச்சிட விரும்புகிறேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் பெரிதாக்கலாமா?

பதில்: ஏ4 தாளுக்கு 300 கணக்கில் 3508 × 2480 பிக்சல்கள் வேண்டும். உங்களிடம் உள்ளது அங்குலத்துக்கு 137 அளவில்தான் அமையும். சுவரில் மாட்டினால் ஓரளவு நன்றாகவே இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மென்மையாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அந்த மென்மையை நீக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அது வரையும் கண்ணிமையும் தோலின் கோடுகளும் வேறு முகங்களில் கற்ற ஊகங்கள். உங்கள் தாயாருடையவை அல்ல. நினைவுக்காக வைக்கும் படத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு முன் படத்தை அனுப்பியவரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப் வழக்கமாக அனுப்பும்போது பிக்சல்களைக் குறைத்துவிடுவதால், எடுத்தவரின் செல்பேசியில் முழு அளவுப் படம் இன்னும் இருக்கக்கூடும். அதைப் படமாக அல்லாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொன்னால் குறையாமல் வந்து சேரும். அவர் செல்பேசியை மாற்றுவதற்குள் கேட்டுவிடுங்கள்.