ஒரே ஆள் தனியாகச் செய்த விண்வெளி மெட்டல் ஆல்பத்தில் ஜீவன் இருக்குமா? எதைக் கேட்டுப் பார்க்கலாம்?

டிரம்ஸைக்கூட கம்ப்யூட்டரில் போட்டால் மெட்டலில் (கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் கனமான ராக் இசை) என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதைப் போக்கிய ஆல்பத்தையே சொல்கிறேன்: கனடாக்காரர் டெவின் டவுன்சென்ட் 2007-இல் வெளியிட்ட 'ஜில்டாய்ட் தி ஆம்னிசியன்ட்'.

அதற்குச் சற்று முன்புதான் தன் இரண்டு இசைக்குழுக்களையும் அவர் கலைத்திருந்தார். இதில் பாட்டு, கிட்டார், பேஸ், கீபோர்டு, பாத்திரங்களின் குரல் எல்லாம் அவரே. டிரம்ஸுக்கு மட்டும் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' என்ற மென்பொருள். ஆனால் அதில் இருக்கும் அடிகள் மெஷின் உண்டாக்கியவை அல்ல. மெஷுகா என்ற ஸ்வீடன் மெட்டல் குழுவின் டிரம்மர் தோமஸ் ஹாகே நிஜ டிரம்ஸில் அடித்துப் பதிவான ஒலிகள். டவுன்சென்ட் அவற்றைக் கோத்தார், அவ்வளவுதான்.

கதை சுத்தக் கிறுக்குத்தனம். ஜில்டாய்ட் என்ற வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வந்து, பிரபஞ்சத்தின் உன்னதமான காபி ஒரு கப் வேண்டும் என்கிறான். அவகாசம் ஐந்தே நிமிடம். கொடுத்த காபி வாயில் வைக்க விளங்காததால் போர்! மிரட்டல், பெருமையடிப்பு, சிணுங்கல் என்று ஒரே தொண்டையில் அத்தனையும் வரும். இந்தக் கோமாளித்தனம் ஒத்துவராதவர்கள் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போய்விடுவார்கள், தப்பில்லை.

இசை மட்டும் விளையாட்டே இல்லை. டவுன்சென்ட் பெரும்பாலும் கிட்டாரை 'ஓப்பன் சி' என்ற முறையில் சுருதி கூட்டுபவர். எந்த விரலும் வைக்காமல் ஆறு கம்பியையும் இழுத்தாலே முழு மேஜர் கார்டு (இசைந்து சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒலிக்கும். அதன் மேல் கிட்டாரையும் குரலையும் அடுக்கடுக்காக ஏற்றுவார். 'சோலார் விண்ட்ஸ்' பாட்டு மெல்லிய கிட்டாரோடு தொடங்கி மெதுவாகப் பெருகுவதைக் கேளுங்கள். ஒரு அறையில் ஒரு ஆள் செய்தது என்று நம்ப மாட்டீர்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு நல்ல சோதனை 'ஹைப்பர்டிரைவ்'. அதே பாட்டை 2009-இல் 'அடிக்டட்' ஆல்பத்துக்காக, நிஜ டிரம்மரோடு, டச்சுப் பாடகி ஆனெக்கே வான் கீர்ஸ்பெர்கனைப் பாடவைத்து மறுபடி பதிவு செய்தார். பாடுவதில் இரண்டாவதுதான் மேல், சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது முதலாவதுக்கு. ஏன் என்று வெகுநாள் பிடிபடவில்லை.

(முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசியில் வரும் குட்டிப் பாட்டில்தான் குட்டு உடையும். போரும் இல்லை, கிரகமும் இல்லை. காபிக்கடையில் வேலை செய்யும் ஒருவன் வேலை நேரத்தில் கண்ட பகற்கனவு அது. நாம் பகற்கனவு காணும்போது ராஜா, எதிரி, படை எல்லாமே நாமேதானே? எல்லாரும் ஒரே ஆள் குரலில் பேசுவதும், டிரம்ஸ் இம்மி பிசகாமல் சொன்னபடி கேட்பதும் அப்போதுதான் எனக்குப் பொருந்திவந்தது. 2014-இல் இதன் தொடர்ச்சி வந்தது. அதில் பலர் குரல் கொடுத்து வானொலி நாடகம் போலச் செய்திருந்தார்கள். பிரம்மாண்டம்தான், ஆனால் அந்தத் தனி ஆளின் கிறுக்கு அதில் இல்லை.

மொத்தம் 11 பாட்டு. கலைத்துப் போடாமல் வரிசையாகக் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அத்தனை அடுக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வெறும் இரைச்சலாகத்தான் வரும்.