பீமன் குந்திய கல்லும் ஒற்றைக் காலும்

கேள்வி: எங்கள் குளக்கட்டுக்குப் பக்கத்துப் பாறையில் இரண்டரை அடி நீளத்தில் ஒரு பாதம் இருக்கிறது. ஊரார் பீமன் கால் என்கிறார்கள். உயர்தரம் படிக்கும் மகன் டைனோசர் கால் என்று அடித்துச் சொல்கிறான். சோற்றுக்கு உட்கார்ந்தால் இதே சண்டைதான். யார் சொல்வது சரி?
- வாசகி, ஓமந்தை

பதில்: பீமனுக்காவது ஊர்ப்பேச்சின் சாட்சி இருக்கிறது அம்மா, உங்கள் மகனுக்கு அதுவும் இல்லை. கால் பதிய வேண்டுமென்றால் கல் ஒருகாலத்தில் சேறாகவோ ஈரச் சாம்பலாகவோ இருந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கருங்கல் அப்படி இருந்ததில்லை. நிலத்துக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், சூட்டிலும் அமுக்கத்திலும் வெந்து உருமாறிய பாறை அது, அப்படி வெந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். டைனோசர் வந்ததே 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். புவியியல்காரர் இந்தப் பாறைக் கூட்டத்துக்கு நம் வன்னியின் பெயரையே எடுத்து வன்னித் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை மகனிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். டைனோசர் காலத்துப் படிவுப் பாறைதான் வேண்டுமென்றால் புத்தளம் பக்கம் தப்போவவுக்குப் போகட்டும், அங்கே கிடைப்பவையும் பெரும்பாலும் இலை தழைப் பதிவுகள்தான்.

அப்படியானால் குழி எப்படி வந்தது? எங்கள் ஊரிலும் ஒரு கல் இருந்தது. அம்மம்மா அதைப் பீமன் குந்திய கல் என்பார். பக்கத்தில் பக்கமாக இரண்டு பள்ளம், எந்தச் சின்னப் பிள்ளைக்கும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல் போக மனம் வராது. மாரியில் தண்ணீர் நிற்கும், வாற்பேத்தை நெளியும். மாசியில் வற்றிவிடும், அடியில் காய்ந்த இலையும் ஒரு பிடி கரடு மணலும் மட்டும் கிடக்கும். அந்த மணலை விரலால் நசுக்கிப் பாருங்கள், வெள்ளையாக மாவுபோல ஒட்டுவது கல்லிலுள்ள பெல்சுபார் என்ற கனிமம் தண்ணீர் பட்டுப்பட்டு உக்கிப்போனது, மினுங்குவது மைக்கா, நொருங்காமல் நறநறவென்று நிற்பது குவார்ட்ஸ். சோளகக் காற்று அந்த மணலை ஊதிக்கொண்டு போகும், அடுத்த மாரிக்குப் பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகும், கூடுதலாக நிற்கும் தண்ணீர் கூடுதலாகத் தின்னும். இதுதான் விஷயம். ஒரே வெடிப்பின் வழியே பெரிய பள்ளம் ஒன்றும் சின்னப் பள்ளம் ஒன்றும் வளர்ந்து முட்டிக்கொண்டால், ஒன்று முன்பாதமாகவும் மற்றது குதிக்காலாகவும் தெரியும்.

விரல்கள் ஐந்தும் எண்ணி வைத்ததுபோல இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். இருட்டிய பிறகு போய், டோர்ச்சைக் கல்லோடு ஒட்டப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், உளி பட்ட கோடு இருந்தால் நிழல் விழுந்து தானாகக் காட்டிக்கொடுக்கும். (பாம்பு பார்த்துப் போங்கள்.)

கேள்வி: கல்லில் உண்மையான மனிதக் காலடியே உலகத்தில் கிடையாதா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: இருக்கிறது. தன்சானியாவின் லேட்டோலியில் தொல்மனித ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு 1978இல் கண்ட தடங்கள் சுமார் 36 இலட்சம் ஆண்டுப் பழையவை. எரிமலைச் சாம்பல் விழ, அதன்மேல் மழை தூற, நம் மூதாதை இனத்தார் சிலர் நடந்துபோயிருக்கிறார்கள், பிறகு அது இறுகிவிட்டது. ஏறத்தாழ 70 அடிகள், 27 மீற்றர் நீளத்துக்கு. ஒன்றைக் கவனியுங்கள், அவை சின்னக் கால்கள், இடம் வலம் என்று மாறிமாறிப் போகிற கால்கள். கதைகளில் வரும் பாதமோ எப்போதும் பெரியது, பெரும்பாலும் ஒற்றை.

கேள்வி: சிவனொளிபாதமலையில் இருப்பது உண்மையில் யாருடைய பாதம்?
- வாசகர், மல்லாவி

பதில்: என்னை வம்பில் மாட்டப் பார்க்கிறீர்கள். நாங்கள் சிவன் என்போம், பௌத்தர் புத்தர் என்பர், முஸ்லிம்கள் ஆதம் நபி என்பர், கிறிஸ்தவரில் சிலர் புனித தோமையார் என்றும் சொன்னதுண்டு. 2,243 மீற்றர் உயர மலையில் ஏறிக் கால் கடுக்க நிற்கிறவர்கள் தங்களுக்குள் இதற்காகச் சண்டை போடுவதில்லை, கீழே இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை. பள்ளத்தின் நீளம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு, அதுவும் மேலே தெரிவது அடையாளம்தான், உண்மைப் பாதம் கல்லுக்கு அடியில் மறைந்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு.

எனக்குப் பிடித்தது 1344 அளவில் அங்கே ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா எழுதியதுதான். பாதம் 11 சாண் என்கிறார். முன்னொரு காலத்தில் சீனர்கள் வந்து பெருவிரல் இருந்த இடத்தைக் கல்லோடு வெட்டிக்கொண்டுபோய்த் தங்கள் ஊர்க் கோயிலில் வைத்தார்களாம். பாறையில் ஒன்பது குழிகள் வெட்டியிருந்தன, யாத்திரிகர் அதிலே பொன்னும் மாணிக்கமும் முத்தும் போடுவார்கள், கீழேயிருந்து வரும் பக்கீர்கள் அதை எடுக்க யார் முந்துவது என்று ஓட்டப்போட்டி நடத்துவார்கள், தாங்கள் போனபோது கொஞ்சம் பொன்னும் சில கற்களும்தான் மிஞ்சியிருந்தன, அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார். மனிதர் மாறவில்லை பாருங்கள்.

கேள்வி: சரி, மற்றக் கால் எங்கே?
- வாசகர், முள்ளியவளை

பதில்: கடலில். 9ஆம் நூற்றாண்டு அரபுக் குறிப்பு அப்படித்தான் சொல்கிறது, ஆதம் ஒரு காலை மலையில் வைத்தார், மற்றதைக் கடலில் வைத்தார் என்று. அதே குறிப்பில் பாதத்தின் நீளம் 70 முழம். ஐந்து நூற்றாண்டில் 11 சாணாகச் சுருங்கியிருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தவர் எழுதினால் அளவு குறையும்தானே. இடையில் நெடுந்தீவுக்காரர் தங்களிடமும் ஒரு பெரிய பாதம் உண்டு என்பார்கள். அங்கே சுண்ணாம்புக் கல், மழைத் தண்ணீரே அதைக் கரைத்துவிடும்.

கேள்வி: பாதம் மட்டும்தானா? வேறு உடற்குறி கல்லில் பதிந்த கதைகள் இல்லையா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நீங்களே கேட்கலாமா! குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் லிங்கம் வெளிப்பட்டது என்பது உங்கள் தான்தோன்றீஸ்வரர் கதை. காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரை அம்பாள் கட்டித் தழுவியபோது மார்பும் வளையலும் லிங்கத்தில் பதிந்தன, அதனால் அவருக்குத் தழுவக் குழைந்தார் என்றே பெயர். திருக்கடையூரில் யமன் வீசிய பாசக் கயிற்றின் தழும்பு. சென்னையில் சின்னமலைக் குகையில் தோமையாரின் கைத்தடம். திருகோணமலைக் கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. நுவரெலியாப் பக்கம் சீதா எலியவில் ஓடைப் பாறைக் குழிகள் அனுமன் காலடி.

இவற்றில் காஞ்சிக் கதையை மட்டும் நான் தனியாக எடுத்துவைப்பேன். மற்றவற்றில் யாரோ பலமாக மிதித்தார், வெட்டினார், வீசினார், கல் தாங்கிக்கொண்டது. இங்கே கல் தானே இளகிக் கொடுத்தது. வெள்ளம் வந்தபோது பயந்து கட்டிக்கொண்டாள் என்கிறது கதை, அதைக் கேட்டுவிட்டு பெல்சுபார் பற்றிப் பேச எனக்கே வாய் வராது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதக்கல் மங்கிவிட்டது. இளைஞர்கள் சேர்ந்து விளிம்பை உளியால் திருத்தி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, கொங்கிறீற் கொட்டகை போட நினைக்கிறோம். ஆலோசனை தேவை.
- வாசகர், மாங்குளம்

பதில்: உளியைத் தொடவேண்டாம் தம்பி. கிட்டடியில் மழைநீர் ஒழுக வெட்டிய தாழ்வாரம் உள்ள குகையோ பழைய பிராமி எழுத்தோ இருந்தால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வரும். தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே, காணி பறிபோகுமோ என்று நம் பக்கத்தில் வயிற்றைக் கலக்கும், எனக்கும்தான், அதற்காக நாமே கல்லை உடைத்து வைப்பது புத்தியல்ல. பெயின்ற் அடித்தால் இரண்டு மாரியில் பொருக்காக உரியும். காசு சேர்ந்திருந்தால் பக்கத்தில் ஒரு நிழல் மரம் வையுங்கள், வேர் கல்லுக்குள் இறங்காத தூரத்தில். கதை தெரிந்த கிழவிகள் இரண்டு மூன்று பேர் ஊரில் இன்னும் இருப்பார்கள், போனில் பதிவு செய்யுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள்.