பாட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான்: அங்கே புத்தாண்டு விருந்தானாலும் மதுக்கடையானாலும் ஆளாளுக்கு எழுந்து பாட ஆரம்பித்துவிடுகிறார்களாம், பாதிப் பேருக்குச் சுருதியே சேருவதில்லையாம். இதை எப்படிச் சகித்துக்கொள்கிறார்கள்? முறையாகக் கற்றவர்களிடம் பாட்டை விட்டுவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சகித்துக்கொள்கிறார்கள் என்று யார் சொன்னது? டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டால் ஸ்காட்லாந்துக்காரர்களைப் போலப் பொல்லாத சபை கிடைக்காது. கிளாஸ்கோ எம்பயர் தியேட்டருக்கு 'இங்கிலாந்து நகைச்சுவையாளர்களின் இடுகாடு' என்றே பெயர். 1963இல் அதை மூடும்வரை, பேர்பெற்ற கலைஞர்களே அங்கே போகப் பயந்தார்கள். புதியவர்கள் பாடு இன்னும் மோசம். அதே ஊரில் டிரான்கேட் தெருவில் பனாப்டிகன் என்ற பழைய மியூசிக் ஹால் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமெச்சூர் இரவுகளில் அங்கே மாடியிலிருந்து அழுகிய காய்கறி பறக்கும். ஆள் தேறமாட்டான் என்று பட்டால், பக்கத் திரையிலிருந்து கொக்கி வைத்த நீளக் கழி நீண்டு வந்து, பாடிக்கொண்டிருப்பவரை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

1906இல் 16 வயதுப் பையன் ஒருவன் அந்த மேடையில் ஏறினான். அப்பா அதே ஊரில் வேறொரு தியேட்டரின் நிர்வாகி. அவருக்குத் தெரியாமல் அவருடைய கால்சட்டை, கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தான். முடிக்கும் நேரத்தில் பார்த்தால், கூட்டத்தில் அப்பா! அலறியடித்துக்கொண்டு ஓடியதில் தொப்பி நசுங்கியது, கோட்டு கிழிந்தது. ஜனம் அதையும் நடிப்பு என்றே நினைத்து ஆரவாரித்தது. அடி விழும் என்று பயந்தவனுக்குக் கிடைத்தது அப்பாவின் பாராட்டு. பின்னாளில் லாரல்-ஹார்டி ஜோடியில் ஒல்லியாக வந்து உலகத்தைச் சிரிக்க வைத்த ஸ்டான் லாரல் தன் முதல் மேடையைப் பற்றிச் சொன்ன கதை இது.

வீட்டுக்குள் சட்டம் வேறு. ஹாக்மனே என்று அவர்கள் சொல்லும் ஆண்டிறுதி இரவிலும், கேய்லி என்ற பாட்டுக் கூடுகையிலும், வந்தவர்கள் தம் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டும்: ஒரு பாட்டு, கொஞ்சம் பிடில், இல்லையென்றால் ஒரு கதை. குடும்பத்தில் இன்னாருக்கு இன்ன பாட்டு என்று வருஷக்கணக்காகப் பட்டாவாகியிருக்கும். அத்தையின் பாட்டை வேறு யாரும் தொடமாட்டார்கள். மேல் ஸ்தாயியில் அவர் தடுமாறும் இடம்கூட எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் ஒருவர் கூடச் சேர்ந்து இழுத்தால் கிளாஸ்கோவில் அதட்டல் விழும்: 'வன் சிங்கர், வன் சாங்!' ஒரு பாட்டுக்கு ஒரே பாடகர் என்று அர்த்தம். சுருதி சேராதவருக்கும் இந்த மரியாதை உண்டு. அதட்டியவரும் அடுத்துப் பாட வேண்டியவர்தானே.

முறையாகக் கற்பதை அவர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. 1892இல் ஓபன் நகரில் தொடங்கிய மோட் விழாவில், கேலிக் மொழிப் பாட்டுப் போட்டிக்குச் சங்கீதம் பார்க்க ஒரு நடுவர், மொழி பார்க்க இன்னொருவர். அவ்வளவு கறார்.

ஆனால் கற்றவர்களிடம் மட்டும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், பாருங்கள். ஹாரி லாடர் ஹாமில்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாள். கூட வேலை செய்தவர்கள் அவன் பாட்டைக் கேட்டு, மேடைக்குப் போ என்று தள்ளினார்கள். லார்க்ஹால் ஊரில் பாடி வாங்கிய 5 ஷில்லிங்தான் முதல் சம்பளம். கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடையும் கோணல் கைத்தடியுமாக உலகம் சுற்றியவருக்கு 1919இல் சர் பட்டமே வந்தது. கிளாஸ்கோ கப்பல் தளத்து வெல்டர் பில்லி கானலி, நாட்டுப்பாடல் குழுவில் பாஞ்சோ வாசித்தவர். பாட்டுக்கு முன்னால் அவர் பேசும் பேச்சு நீண்டுகொண்டே போய், பாட்டு சுருங்கி, ஸ்காட்லாந்துக்கு அதன் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர் கிடைத்தார்.

சூசன் பாயிலை நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள். பிளாக்பர்ன் ஊர்க்காரர், அப்போது வயது 47. 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' என்ற டிவி போட்டிக்காகக் கிளாஸ்கோவில் நடந்த தேர்வு, 2009 ஏப்ரலில் ஒளிபரப்பானது. பாடகியாக ஆசை என்று அவர் சொன்னதுமே கூட்டத்தில் சிரிப்பு, முகச்சுளிப்பு. பனாப்டிகனின் அழுகிய காய்கறி எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. இந்தச் சிரிப்பு உறுத்துகிறது. அங்கே அடி விழுந்தது மேடையில் செய்த காரியத்துக்கு. இங்கே முகத்துக்கும் வயசுக்கும் விழுந்தது, வாயைத் திறக்கும் முன்பே. பாட ஆரம்பித்த சில நொடிகளில் அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் அந்த வருஷமே வந்த முதல் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

எங்கிருந்தோ முளைத்த அதிசயம் என்று எழுதித் தள்ளினார்கள். அது தப்பு. மாதா கோயில் பாடகர் குழுவிலும் உள்ளூர் கரோக்கியிலும் பல காலம் பாடியவர் அவர். வாத்தியாரிடம் பயிற்சியும் உண்டு. 1999இலேயே தர்ம காரியத்துக்காக வெளியிட்ட ஒரு சிடியில் அவர் குரல் இருக்கிறது. கரோக்கி இரவில் அவருக்கு முன்னும் பின்னும் பாடியவர்களில் எத்தனை பேருக்குச் சுருதி சேர்ந்திருக்கும்? அவர்களை எல்லாம் உட்காரச் சொல்லியிருந்தால், 47 வயதுவரை சூசன் பாயில் எங்கே போய்ப் பாடியிருப்பார், ஐயா?